ஆர்வில் உட்கார்ந்த இடம்

வெண்டல் கிராஸுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வேலை போயிற்று. பிளாஸ்டிக் மூடி செய்யும் ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். ஒஹாயோவில் அந்த வயதில் ஒருவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டுப் பரிசோதகர் உரிமம் வாங்கு என்றாள் மனைவி நோரீன். விற்பனைக்கு வரும் வீட்டில் ஓட்டை உடைசலைக் கண்டுபிடித்து வாங்குகிறவரிடம் சொல்லும் வேலை.

எழுத்துத் தேர்வில் பிரமாதமாகத் தேறினான். ஒரு வீட்டுக்குப் போய்ப் பரிசோதிக்கும் நேரடித் தேர்வில்தான் சனியன். மனுஷன் மனம் நோக ஒரு சொல் சொல்லத் தெரியாதவன். ஒழுகும் கூரையைப் பார்த்து, 'கூரை சற்றுக் களைத்திருக்கிறது' என்று அறிக்கை எழுதினான். அடுத்த முறை, கரையான் அரித்த கதவுக்கு 'எடை குறைவானது' என்று எழுதினான். இரண்டு முறையும் தோல்வி. நோரீனோ அவசரக்குடுக்கை. உரிமம் வருமுன்பே வேனில் அவன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டாள். பாவம், அவன் வேனை அடுத்த தெருவில் ஒளித்து நிறுத்தினான். இந்த முறையும் கோட்டைவிட்டால் படிப்பையே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாவது தேர்வு டார்லீன் என்பவள் விற்கும் வீட்டில். தேர்வாளர் பெர்னடீன் அம்மையார் புதினா மிட்டாயைச் சப்பிக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டை வாங்க நினைத்தவரும் கூடவே வந்தார்.

கூடத்து மூலையில் சாய்வு நாற்காலியில் டார்லீனின் அப்பா ஆர்வில். அவரைச் சுற்றிப் பலகைத் தரை சரிந்திருந்தது.

"ஐயா, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"அப்பாவுக்கு முட்டி வலி," என்று குறுக்கே வந்தாள் டார்லீன். "அதுவுமில்லாம, வீட்டுச் சாமானை நகர்த்தக் கூடாதுன்னு உங்களுக்கு விதி இருக்கில்ல?"

"அப்பா எப்படிங்க சாமானாவாரு?"

"நாற்காலி சாமான்தானே? அவரு அதுமேல இருக்காரு."

பெர்னடீன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "மேல உட்கார்ந்திருக்கிற ஆளைப் பத்தி இதுல ஒண்ணும் இல்ல," என்று மூடிவைத்தார்.

மேலே முடியாவிட்டால் கீழே. வெண்டல் வீட்டுக்கு வெளியே போய், தரைக்கு அடியில் இருந்த சந்துக்குள் டார்ச்சோடு தவழ்ந்தான். ஆர்விலுக்கு நேர் கீழே உத்திரம் ஊறிப்போய் மாவாகக் கிடந்தது. அதை ஒரு கார் ஜாக்கி தாங்கிக்கொண்டிருந்தது.

மேலே வந்தால் டார்லீன் தான் சுட்ட ஆப்பிள் கேக்கை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாள். "இந்த வீடு வித்தாத்தாங்க நான் அரிசோனா போய்ப் பொழைக்க முடியும். பார்த்து எழுதுங்க."

அவன் மனம் இளகியது. 'தரை கொஞ்சம் நெகிழ்வானது' என்று எழுதியும் விட்டான். பிறகு நிமிர்ந்து ஆர்விலைப் பார்த்தான். அவர் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டு கொட்டாவி விட்டார். வெண்டலால் தாங்க முடியவில்லை. எழுதியதை அடித்தான்.

'தரை இற்றுவிட்டது. ஆள் உட்காரத் தகுதியற்றது. ஆள் உட்கார்ந்திருக்கிறார்.'

பெர்னடீன் அதை வாங்கிப் படித்தார், மிட்டாயைக் கடித்து நொறுக்கினார், தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார். வாங்க வந்தவர் அங்கேயே பின்வாங்கினார். டார்லீன் ஆப்பிள் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

வெண்டல் வேனை எடுக்கப் போனபோது ஆர்வில் விறுவிறுவென்று பின்னாலேயே நடந்து வந்தார்.

"முட்டி வலின்னாங்களே ஐயா?"

"அது அவ சொல்றது. எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கேன். வீடு வித்துப்போனா என்னை முதியோர் இல்லத்துல தள்ளிருவா தம்பி. அதான் தோட்டத்து ஹோஸ் பைப்பைத் தரைக்கடியில விட்டுத் தினம் தண்ணி பாய்ச்சினேன். மருமகன் எமகாதகன், ஜாக்கி வச்சுட்டான். யாரும் கிட்ட வந்து பார்க்காம இருக்க, அதுக்கு மேல என்னைத் தூக்கி வச்சுட்டா மக. நீ மட்டும் வழவழான்னு எழுதியிருந்தா நான் தொலைஞ்சேன்." சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அடுத்தவன் வாங்க வந்தா உன்னையே கூப்பிடச் சொல்றேன். அதுக்குள்ள குளியலறையை ஒரு வழி பண்ணிடறேன்."

வெண்டல் வேன் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான். உரிமம் பெற்ற பரிசோதகனாக அவன் சொன்ன முதல் யோசனை இதுதான்:

"குளியலறை வேண்டாங்க ஐயா, அது நீங்க தினம் புழங்கற இடம். மக ரூம்ல கை வைங்க."