இருட்டைத் தாண்டி ஓட்டிய படம்

இன்று கண்டியில் மதியக் காட்சிக்குப் போனேன். கூட வேலை பார்க்கும் சுகந்தனும் வந்தான். நாங்கள் இருவரும் படித்துவிட்டு மாதக்கணக்கில் சண்டை போட்ட நாவல் படமாகியிருக்கிறது.

நாயகிக்குப் பார்வை போகும் அத்தியாயத்தில் இயக்குநர் திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டார். தேயிலை மலையில் மழை பெய்யும் சத்தமும், அவள் தடுமாறி நடக்கும் சத்தமும் மட்டும்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உடனே பின்வரிசையில் விசில். "படம் நின்னு போச்சு, போடுங்கப்பா" என்று கத்தியவர்களில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுகந்தனும் ஒருவன்.

தியேட்டர்காரர்கள் விளக்கைப் போட்டார்கள். அந்தக் காட்சியைத் தாண்டி அடுத்ததை ஓட்டினார்கள்.

இடைவேளையில் மேனேஜரிடம் போனேன். "அண்ணே, படம் நிக்கல. அந்த இருட்டுதான் சீனே."

"தெரியும் தங்கச்சி. காலைக் காட்சியிலயும் இப்படித்தான் கத்துனாங்க. அதான் இப்ப ரெடியா இருந்தோம்" என்றார்.



மஹய்யாவயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், சுகந்தன் விமர்சனம் போட்டிருக்கிறான். "நாவலின் உயிரான அத்தியாயத்தையே இயக்குநர் விட்டுவிட்டார். துணிச்சல் இல்லாத படம்."

கீழே எல்லோரும் இயக்குநரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் யாரிடமிருந்து தொடங்கட்டும், சொல்லுங்கள்.