குப்பியில் ஏறி இறங்கிய தண்ணீர்

இரண்டாயிரத்துப் பத்தில் நிமோனியா வந்து நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த கட்டிலில் கடலுக்குப் போகிற ஒருவர். அகன்ற கறுத்த நெஞ்சு, கழுத்தில் ஜெபமாலை. வள்ளத்தின் விளிம்பில் விழுந்ததில் விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்திவிட்டது. நெஞ்சுக்குள் கசிந்த காற்று வெளியேறுவதற்காக, இரண்டு விலாக்களுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைக் கட்டிலடியில் ஒரு குப்பித் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். அவர் மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும்.

காலையில் விழித்ததும் குனிந்து குப்பியைப் பார்ப்பார். கடலைப் பார்ப்பதுபோலக் கண்ணைச் சுருக்கி, நன்றாயிருக்கிறது என்கிற திருப்தியில் "கொள்ளாம்" என்பார். பிறகுதான் காப்பி.

ஒருநாள் தண்ணீர் அசையவில்லை.

"மக்கா, எனக்கு மூச்சு ஓடுதா, பாரு!"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியவருக்கு மூச்சு நின்றிருக்க வழியில்லை. ஆனாலும் நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் குப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லதுதான் அண்ணே. நுரையீரல் பழையபடி விரிஞ்சு நெஞ்சோட ஒட்டிட்டு. நடுவுல காத்து இல்ல, அதான் தண்ணி ஆடல்ல."

"அசையாத தண்ணிய நம்பப்பிடாது, மக்ளே" என்றார் அவர்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் குழாயை உருவினார். குப்பியையும் கொண்டுபோய்விட்டார்கள். அன்று சாயங்காலம் திரும்பிப் பார்த்தேன். மனிதர் மல்லாந்து படுத்து, பாதி தண்ணீர் இருந்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை நெஞ்சின்மேல் நிறுத்திப் பிடித்திருந்தார். மூச்சுக்கு மூச்சு அது ஏறி இறங்கியது.

"கொள்ளாம்" என்றார், என்னிடம் அல்ல.