ஒரே துண்டாக

நடுப்பகல் வெயிலில் நான்கு பேர் கடப்பாரை போட்டுத் தூக்கிய தார்த் துண்டு, நடுவில் தொய்ந்து, ஊறிய அப்பளம்போலக் கிழிந்தது. இது அறுபதுகளில், பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் வாசல் பாதையில் நடந்தது. மாடியில் குடியிருந்த கட்டடச் சங்க செக்ரட்டரி அலறியதைக் கேட்டவர்கள், கிழிந்தது அவருடைய பட்டு வேட்டி என்றே நினைத்திருப்பார்கள்.

கேட்டிலிருந்து மாடிப்படிவரை தார் போட வைத்தது ஒன்றே அவர் வாழ்நாள் சாதனை. அதற்கடியில் கீழ்வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்து, சாக்கடை கலந்தது. அந்த வீட்டுக் குழந்தை பத்து நாளாக வயிற்றுப்போக்கில் கிடந்தது. மாடியில் அவர் வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொள்ளட்டுமா என்று தாய் கேட்டதற்கு, படியெல்லாம் ஈரமாகும் என்றார். பாதையை வெட்டவும் மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பெண்ணைப் பார்க்க டாக்சியில் வருகிறார்கள். ஒட்டுப் போட்ட பாதையில் இறங்கினால் குடும்ப கௌரவம் என்னாவது?

சனிக்கிழமை அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிவந்து அவர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இசைந்தார். அதிலும் நிபந்தனை: பூஜை முடிந்த பிறகுதான் உளிச் சத்தம், வெட்டியதை ஒரே துண்டாக எடுத்து, அப்படியே திரும்பப் பொருத்த வேண்டும்.

தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலி மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுச் சொன்னார்: "அய்யா, காலைல வெட்டுனா பிஸ்கட்டு மாதிரி வரும். உச்சி வெயில்ல வெட்டுனா அல்வால்லா?"

"நீ அல்வா கிண்ட வந்தியா? சொன்னதைச் செய்யப்பா."

அல்வாதான் வந்தது. பிய்த்துப் பிய்த்து எடுப்பதற்குள் இருட்டிவிட்டது. மறுநாள் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைப் பையனின் தகப்பனார் டாக்சியிலிருந்து இறங்கியதும் குனிந்து பார்த்தது, திறந்து கிடந்த குழியையும் அதில் தேங்கிய கறுப்புத் தண்ணீரையும்தான்.

"அது கீழாத்துக் குழாய் சார். நம்மாத்துக்கு வேற லைன். இவரைக் கேளுங்கோ, ஓவர்சீயர்!" என்று செக்ரட்டரி என்னை இழுத்தார். நான் மாநகராட்சியில் குடிநீர்க் குழாய் வேலையில் இருந்தேன். "ஆமாம், மாடிக்கு வர்றது நல்ல தண்ணி," என்றேன்.

கீழ்வீட்டில் குழந்தை அழுதது. பையனின் தகப்பனார் எங்கள் இருவரையும் பார்த்தார். "மேல நல்ல ஜலம் இருக்கு. தெரிஞ்சுண்டே கீழ இதைக் குடிக்க விட்டேளா?" பிறகு மனைவியிடம், "டாக்சி நிக்கறது, ஏறு. இந்தாத்துல காப்பி வேண்டாம்."

இப்போது என் செம்பூர் பால்கனிக்குக் கீழே மெஷின் வைத்துத் தார்ப் பாதையை அரைமணியில் அறுத்து எடுத்துவிட்டார்கள். குடிநீரில் சாக்கடை கலந்தால் எவர் அனுமதியும் இல்லாமல் எந்தப் பாதையையும் வெட்டலாம் என்ற விதி அன்றும் இருந்தது. எனக்கு அது மனப்பாடம். சொல்லவில்லை, எனக்கு அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவர் செக்ரட்டரி.

குழந்தை பிழைத்தது. அதில் எங்கள் இருவருக்கும் பங்கில்லை.