சாப்பாட்டு அறையின் சரவிளக்கு

துடைத்த மேசையில் மறுபடியும் தூசி படிந்திருந்தது.

இம்மியக்கா ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். வெள்ளையாக, மாவு மாதிரி இருந்தது. தெருத்தூசி இப்படி இருக்காது. அது பழுப்பு, விரலில் பிசுக்கென்று ஒட்டும். காலையில் இந்த நீள மேசையை முகம் தெரியும்படி தேய்த்துவிட்டுத்தான் தட்டு அடுக்க விட்டார். இப்போது மேசையின் நடுவில் மட்டும், குடை விரித்த அளவுக்கு வட்டமாக மங்கிக் கிடந்தது.

துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். போய்விட்டது. சரி, புதுப்பூச்சு, உதிரத்தான் செய்யும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

தோட்டத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாளிகையின் திறப்பு விழா. அருங்காட்சியகக் காப்பாட்சியரின் பேச்சு முடிந்ததும் கதவு திறக்கும். விருந்து இந்த மேசையில். அதில் நடு நாற்காலி இம்மியக்காவுக்கு. பக்கத்து நாற்காலி அவர் கணவருக்கு. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் அவர். மேலே மூன்று பித்தளை வளையங்களில் கண்ணாடி மணிகள் தொங்க, கன்றுக்குட்டி கனமுள்ள சரவிளக்கு.

இந்த வரிசையில் இம்மியக்கா வந்து உட்காரக் காரணம் ஒரு பொம்மை வீடு.

மாளிகையைக் கட்டிய குடும்பம் தங்கள் மகளுக்காக அதையே குட்டியாகச் செய்ய வைத்தது. ஆளுயர அலமாரி மாதிரி இருக்கும். முகப்பை இரண்டு கதவாகத் திறந்தால் உள்ளே அத்தனை அறைகளும், அத்தனை சாமான்களும். விரல்நகம் அளவு புத்தகங்கள். தீப்பெட்டிக்குள் அடங்குகிற பியானோ. ரசம் போன கண்ணாடிகள். வீட்டுக்காரப் பொம்மைகள் எப்போதோ தொலைந்துபோக, சமையலறையில் சமையல்காரி மட்டும் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். "முதலாளிங்க எல்லாரும் கிளம்பிட்டாங்க, இவளுக்கு யாரும் சொல்லல போல" என்று இம்மியக்கா பார்வையாளர்களிடம் சொல்வார்.

அது இருந்த அருங்காட்சியகத்துக்குத் தரை துடைக்கத்தான் இம்மியக்கா வந்தார். அப்போதிருந்த பழைய காப்பாட்சியர், ஊசியில் நூல் கோக்கிற அவர் கையைப் பார்த்துவிட்டு, ஒரு மென்மயிர்த் தூரிகையையும் நுனியில் பஞ்சு சுற்றிய இடுக்கியையும் கொடுத்து, "இனிமே அந்த வீடு உன் பொறுப்பும்மா" என்றார். இம்மியக்கா தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு அறைதான். அறை எப்படியோ, சாமான்களை எடுத்து வைக்கிற தட்டும் அப்படி: கட்டில் இருந்த மூலையில் கட்டில், விளக்கு இருந்த இடத்தில் விளக்கு. தூசி தட்டி, அதே வரிசையில் திரும்ப வைப்பார். தான் எடுத்த பொருள் எடுத்த இடத்தில் இல்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"எதையாவது மாத்திருக்கீங்களா?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஒரு இம்மிகூட நகரல." கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன வாசல் காவலர்தான் அந்தப் பெயரைச் சூட்டினார். காவலருக்கு 'விசில்' என்று பெயர் வைத்து இம்மியக்கா கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

பெரிய மாளிகையோ இத்தனை காலமும் பள்ளிக்கூடமாக, கிடங்காக, பூட்டிய வீடாக அல்லாடியது. அதைப் பழையபடி ஆக்க முடிவானபோது உள்ளே எது எங்கே இருந்தது என்று சொல்ல ஆளும் இல்லை, படமும் இல்லை. பொம்மை வீடுதான் இருந்தது. கட்டடப் பொறியாளர், முப்பதைத் தாண்டாத பெண், அதன் முன்னால் நாள்கணக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு அறையாக அளந்தார். "எல்லாம் இருந்த இடத்துலதானேக்கா இருக்கு?" என்று கேட்டார். இம்மியக்கா வழக்கமான பதிலைச் சொன்னார். நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்த சரவிளக்கைக் கோத்து, பொம்மை வீட்டில் இருந்தபடியே சாப்பாட்டு அறையில் மாட்டினார்கள். விழாவுக்காகப் பொம்மை வீட்டையும் மாளிகையின் நூலக அறைக்குக் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகளில் இம்மியக்காவின் படம் வந்தது. 'எதையும் நகர்த்தாத கைகள்' என்று ஒரு தலைப்பு. ஓட்டுநர் அதை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டினார்.

தோட்டத்தில் கைத்தட்டல் எழுந்தது. காப்பாட்சியர் பேசத் தொடங்கிவிட்டார்.

இம்மியக்கா கிளம்புமுன் கடைசியாக மேசையைத் திரும்பிப் பார்த்தார். அதே வட்டம். அதே வெள்ளை.

மெல்லத் தலையை உயர்த்தினார். கண்ணாடி மணிகளில் ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

அவர் பார்வை கொக்கியில் போய் நின்றது. அப்போதுதான் வேறொரு கொக்கி நினைவுக்கு வந்தது. இடுக்கி முனையில் தொட்டதும் மரத்தூளோடு கழன்று கையோடு வந்த கொக்கி. பொம்மை வீட்டின் கூடத்து விட்டம் செல்லரித்துப் போயிருந்தது. பதறிப்போய்ப் பழைய காப்பாட்சியரிடம் ஓடினார். "பசை கிசை போட்றாதம்மா. நிபுணர் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் சாப்பாட்டு அறைல ஒரு கொக்கி சும்மா இருக்கு பாரு, அதுல மாட்டி வை" என்றார் அவர். நிபுணர் வரவில்லை. காப்பாட்சியர் ஓய்வுபெற்று, காலமாகியும் போனார். இம்மியக்கா மட்டும் ஒவ்வொரு முறையும் விளக்கை எடுத்த இடத்தில், துளி பிசகாமல், திரும்ப மாட்டிக்கொண்டே இருந்தார். தற்காலிகம் என்பதையே மறக்கிற அளவுக்கு ஒழுங்காக.

சரவிளக்கு கூடத்துடையது. சாப்பாட்டு அறைக் கொக்கியில் தொங்கியது எப்போதோ தொலைந்த ஒரு சின்ன விளக்கு.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். மாளிகையைப் பற்றி அச்சான புத்தகம், அளந்த அறைகள், அலமாரியில் ஒட்டிய படம், எல்லாம் போகும். சொல்லாவிட்டால்? ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை. அந்த ஒருவேளைக்குக் கீழேதான் அவர் கணவரின் நாற்காலி இருந்தது.

வாசலுக்கு ஓடினார். விசில் இரண்டு கதவுக் கைப்பிடியிலும் கை வைத்துத் தயாராக நின்றார்.

"யாரையும் உள்ள விடாதீங்க."

"என்னக்கா விளையாடறீங்க? வெளிய நிக்கிறது பூரா பெரிய மனுஷங்க. பசி வந்தா அவங்களும் நம்மள மாதிரிதான்."

"விசிலு, நான் விளையாடுற மாதிரியா இருக்கு?"

அவர் முகத்தைப் பார்த்ததும் விசிலின் சிரிப்பு அடங்கியது. "போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

தோட்டத்தில் நாற்காலிக்கு நாற்காலி முழங்கால்கள். மன்னிச்சுக்கங்க, கொஞ்சம் வழி என்று நெருக்கியடித்துப் போனார். முன்வரிசையில் ஓட்டுநர், "இங்க இடம் போட்டு வெச்சிருக்கேன், எங்க போற?" என்று சத்தமாகவே கேட்டார். நான்கு பேர் திரும்பினார்கள். இம்மியக்கா நிற்கவில்லை. பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த பொறியாளரின் தோளைத் தொட்டார்.

"கண்ணு, அந்த விளக்கு அங்க இருந்ததில்ல."

"எந்த விளக்குக்கா?"

"சரவிளக்கு. கூடத்துல இருந்தது. நான்தான் சாப்பாட்டு அறைல மாட்டினேன். பொம்மை வீட்டுல. ரொம்ப வருஷம் முன்னாடி. மறந்தே போய்ட்டேன். இப்ப மேசைல வெள்ளையா கொட்டுது, துடைக்கத் துடைக்கக் கொட்டுது."

பொறியாளர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. "கொக்கியை இழுத்துப் பாத்தோம்" என்றார் எழுந்துகொண்டே. "விட்டத்தைத் திறந்து பாக்கல. காலங்காலமா இதே விளக்கைத் தூக்கின விட்டம்தானேன்னு நெனச்சோம்."

மேடையில் காப்பாட்சியர் "ஒரு இம்மியும் நகராமல்" என்று சொல்லிக் கூட்டத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு அறைக்கு நேர் மேலே படுக்கையறை. இருவரும் மாடியேறினார்கள். பொறியாளர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பளத்தைச் சுருட்டி, தரைப்பலகை ஒன்றை நெம்பினார். கைபேசி விளக்கை உள்ளே காட்டி, தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா?"

"பேசாம எழுந்திருங்க. அதிராம நடங்க. சுவரோரமா."

படியிறங்கிய பிறகுதான் சொன்னார்: "விட்டம் நீளவாக்குல பொளந்திருக்குக்கா. புதுப் பொளவு. உள்மரம் வெளுப்பா தெரியுது."

அடுத்து நடந்ததெல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தது. சரவிளக்கை ஏற்றிய தொழிலாளர்கள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் விருந்துக்குக் காத்திருந்தார்கள். ஒவ்வொருவராகக் கண்ணசைத்துக் கூப்பிட்டார்கள். சாரக்கம்பங்களும் கப்பியும் பின்கட்டில் கிடந்தன. மேசையைத் தொட வேண்டாம், அதன் மேலேயே மெத்தைகளைப் போடுங்கள், யாரும் நேர் கீழே நிற்காதீர்கள் என்றார் பொறியாளர். இம்மியக்காவை வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்.

பேச்சு முடிந்து காப்பாட்சியர் கதவருகே வந்தபோது விசில் வழிவிடவில்லை. "கொஞ்சம் இருங்கய்யா. உள்ள துடைச்சிட்டிருக்காங்க."

"இன்னுமா? திற!"

"பூட்டு சிக்கிக்கிச்சுங்க."

பூட்டே போடாத கதவு அது.

உள்ளே சங்கிலி ஒவ்வொரு கண்ணியாக இறங்கியது. கண்ணாடி மணிகள் ஒன்றோடொன்று உரசி, குளிரில் பல் தந்தியடிப்பதுபோல் சத்தம் எழுப்பின. இம்மியக்கா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி இறங்கியபோது மேலே ஏதோ முனகியது. எல்லாரும் உறைந்தார்கள். முறம் அளவு காரைப்பூச்சு பிய்த்துக்கொண்டு விழுந்து, ஒரு நாற்காலியின் முதுகை ஒடித்துவிட்டுத் தரையில் சிதறியது.

"நிறுத்தாதீங்க, விடுங்க, விடுங்க" என்றார் பொறியாளர். சரவிளக்கு மெத்தைமேல் உட்கார்ந்தது.

சத்தம் வெளியே கேட்டிருந்தது. காப்பாட்சியர் விசிலைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். பொறியாளர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். காப்பாட்சியர் நல்ல மனிதர். ஆனால் தோட்டம் நிறைய ஆட்கள். "விருந்தைத் தோட்டத்துக்கு மாத்துங்க. அதுவரைக்கும் எல்லாரையும் நூலக அறைக்குக் கூட்டிட்டுப் போய் பொம்மை வீட்டைக் காட்டுங்க" என்றார். பிறகு இம்மியக்கா பக்கம் குரலைத் தாழ்த்தினார். "சின்னப் பழுதுன்னு சொல்லிக்கலாம். உங்க பேரு எதுக்கு இதுல?"

ஒரு நிமிடம் அந்தச் சொல் இனித்தது. ஆனால் நூலக அறையில் நுழைந்து, நெருக்கி நிற்கிற அத்தனை முகங்களையும், ஒன்றும் புரியாமல் சிரிக்கிற கணவரையும் பார்த்தபோது, புது விட்டம் போட்டு மறுபடியும் அங்கேயே மாட்டுவார்கள் என்பது உறைத்தது. அதைத் தானே அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும் என்பதும்.

பொம்மை வீட்டின் முகப்பைத் திறந்தார். இடுக்கியால் சாப்பாட்டு அறைச் சரவிளக்கைக் கழற்றி, கூடத்தின் நடுத்தரையில் வைத்தார்.

"இதோட இடம் இதுதான்" என்றார். "நான்தான் மாத்தி மாட்டினேன். சொல்லாம விட்டுட்டேன். அதப் பாத்துத்தான் பெரிய விளக்கையும் அங்க மாட்டினாங்க. இப்ப விட்டம் பொளந்து, இறக்கி வெச்சிருக்கு."

சலசலப்பு கிளம்பியது. ஓட்டுநர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கூட்டத்தை விலக்கி மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "அவதான் சொல்லிட்டாள்ல" என்றார் பொதுவாக, யாரோ திட்டியதுபோல.

பின்னாலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் கேட்டார்: "அப்ப மத்த சாமானெல்லாம் சரியான இடத்துல இருக்கா?"

"நான் வந்ததுலேருந்து வேற எதையும் மாத்தல." இம்மியக்கா நிறுத்தினார். தான் வருமுன் யாராவது மாற்றியிருப்பார்களா என்று இத்தனை வருஷத்தில் அவர் யோசித்ததே இல்லை. "நான் வர்றதுக்கு முன்னாடி யாரு எதைத் தூக்கி எங்க வெச்சாங்களோ, எனக்கெப்படித் தெரியும்?"

பொறியாளர் பொம்மை வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை போன வழியே இம்மியக்காவும் பார்த்தார். நூலகம். அதன் மேலே குளியலறை. அதில் சுவரை ஒட்டி, குட்டியாக ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி. பெரிய மாளிகையிலும் அதே இடத்தில்தான் வைத்திருந்தார்கள். இந்த அறைக்கு நேர் மேலே.

"படமெடுக்கணும்னு காலைல தண்ணி வேற ரொப்பினோம்" என்றார் பொறியாளர், உதடு மட்டும் அசைய.

இம்மியக்கா கணவரின் கையைப் பிடித்தார். பொறியாளர் குரலை உயர்த்தாமல், சிரித்த முகத்தோடு, "தோட்டத்துல சாப்பாடு தயார். எல்லாரும் வாங்க. மெதுவா, அவசரமே இல்ல" என்றார். விசில் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டார். பசியில் இருந்தவர்கள் மளமளவென்று வெளியேறினார்கள். கடைசி ஆளும் போன பிறகு பொறியாளர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடியேறினார்.

தோட்டத்தில் இம்மியக்காவும் காப்பாட்சியரும் சுவரோரக் குழாயருகே நின்றார்கள். மேலே தொட்டியின் மூடி பிடுங்கப்பட்ட சத்தம். பிறகு தண்ணீர் குழாயில் தடதடவென்று இறங்கி, சாக்கடையில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. தட்டோடு நின்றவர்கள் அது என்ன சத்தம் என்று கேட்கவில்லை. இவர்கள் இருவர் காதிலும் வேறெதுவும் விழவில்லை.

ஒருவழியாகச் சொட்டுச் சொட்டாகி நின்றது. ஜன்னலில் பொறியாளர் தலை தெரிந்தது, கையை அசைத்தார்.

காப்பாட்சியர் மூச்சை விட்டார். "மத்த அறைங்களையும் பாத்தாகணும். நீங்க கூட இருக்கணும். எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

"மொட்டைமாடி அறையிலேருந்து" என்றார் இம்மியக்கா. "மேலேருந்து கீழ."