பித்தளை அண்டாவும் பிடியரிசியும்

யுத்த காலத்தில் ஒரு வாரம் முழுக்க நான் ஒன்றை நம்பினேன். சர்க்கார் ஜெர்மன்காரனையும் ஜப்பான்காரனையும் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, அரியலூரில் என் வீட்டு அடுப்படி மூலையில் இருந்த மண் மொடாவைப் பிடிக்க வரப்போகிறது என்று. சும்மா நம்பவில்லை, முழு மனசோடு நம்பினேன். அந்த அளவு விசுவாசத்தைச் சாமி விஷயத்தில் காட்டியிருந்தால் இன்றைக்கு எங்கள் கோயில் சுவரில் எனக்கு ஒரு கல்லாவது பதித்திருப்பார்கள்.

மொடாவில் இருந்தது அரிசி. அது சபையின் அரிசி. அங்கேதான் சங்கடம்.

எங்களுடையது சின்ன மெதடிஸ்ட் சபை. ஓடு போட்ட ஒரே கூடம், பின்னால் ஒரு சார்ப்பு, அவ்வளவுதான் கோயில். மணி கிடையாது. தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அடிப்போம். ரயிலடிக்குப் பக்கம் என்பதால், ஆராதனைக்கு அடித்த மணியைக் கேட்டு மூட்டை முடிச்சோடு ஸ்டேஷனுக்கு ஓடியவர்களும் உண்டு. ஐயர் என்று நாங்கள் கூப்பிடும் பாதிரியார் மாதத்துக்கு ஒரு தடவை பெரம்பலூரிலிருந்து கரி பஸ்ஸில் வருவார். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸின் முதுகில் கரியடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். மேட்டில் அது மூச்சு வாங்கினால் ஐயரும் இறங்கித் தள்ளுவார். வெள்ளை அங்கியும் கரிக் கன்னமுமாக அவர் நற்கருணை கொடுத்த நாட்கள் எங்களுக்குப் பழக்கம்.

அவர் வராத ஞாயிறுகளில் எங்களுக்குள் முறைபோட்டுப் பிரசங்கம் செய்துகொள்வோம். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன் ஒருவர், மூன்றாவது நான். கடைத்தெருவில் எனக்குத் தையல் கடை. ஒரு மிஷின், ஒரு கத்தரிக்கோல், மிச்சமெல்லாம் வாய். வாத்தியார் பேசினால் சபை தூங்கும். பாயின்ட்ஸ்மேன் பேசினால் அவரே தூங்குவார். நான் பேசினால் சிரிப்பார்கள். அதனாலேயே என்னைச் சபைச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டூவர்டாகவும் போட்டிருந்தார்கள். சிரிக்க வைக்கிறவன் திருட மாட்டான் என்று ஒரு எண்ணம்.

ஸ்டூவர்டின் பொறுப்பில் இரண்டு சொத்து. ஒன்று பித்தளை அண்டா. ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து தாராளமாக ஜெபம் பண்ணலாம், அவ்வளவு பெரிசு. கோயில் சார்ப்பில் அது கவிழ்ந்து கிடக்கும். ஊரில் கல்யாணமா, காதுகுத்தா, முதலில் எங்களிடம்தான் ஆள் வரும். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குச் சோறு போடும் வீடுகளுக்கும் அதே அண்டாதான் போகும். பெருமாளும் ஒன்றும் சொன்னதில்லை, எங்கள் ஐயரும் ஒன்றும் சொன்னதில்லை.

மற்றது பிடியரிசி. சபைப் பெண்கள் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், களைந்து போடுகிற அரிசிக்கு முன்னால் ஒரு பிடி எடுத்து, வாய்க்குள் ஒரு ஜெபத்தைச் சொல்லி, தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். வருஷத்துக்கு ஒரு நாள் அதைச் சமைத்து எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்பின் விருந்து என்று பேர். பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் குறுவை, ஒருத்தி பச்சரிசி, ஒருத்தி புழுங்கல். அரிசி வாங்க முடியாதவள் வரகு கொண்டுவருவாள், இல்லை கம்பு. எல்லாம் ஒரே அண்டாவில் வெந்தால் பாதி குழையும், பாதி கடிக்கும். அந்தச் சோற்றைச் சிரிக்காமல் தின்றவன் சபையில் இல்லை.

ரேஷன் வந்ததும் விருந்து நின்றது. இரண்டு வருஷம் இல்லை. மூன்றாவது வருஷம் பெண்கள் கூடி, இந்தத் தடவை விருந்து உண்டு என்று முடிவு செய்துவிட்டார்கள். பாயின்ட்ஸ்மேனின் சம்சாரம்தான் முன்னால் நின்றவள். எங்கள் கீர்த்தனைகளுக்கு அவள்தான் குரல், சபைக்கே அக்கா. ரேஷன் அரிசியில் பிடி எடுத்தால் பிள்ளைகளுக்குக் காணாதே என்று ஒருத்தி கேட்டதற்கு, பிடியைச் சின்னதாக்கிக்கொள், எடுக்காமல் மட்டும் இருக்காதே என்றாளாம். அப்படிச் சின்னப் பிடிகளாகச் சேர்ந்ததுதான் அந்த மொடா அரிசி. கோயிலில் வைத்தால் எலி. எங்கள் கோயில் எலிகள் அங்கத்தினர்களைவிட ஒழுங்காக ஆராதனைக்கு வருகிறவை. அதனால் ஸ்டூவர்ட் வீட்டில் வைத்தார்கள்.

அந்த மாதம் கடைத்தெருவில் ஒரு தானிய வியாபாரியைப் பிடித்தார்கள். பரணுக்குப் பின்னால் சுவர் எழுப்பி மூட்டைகளை மறைத்திருந்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவன் கடைத்தெரு வழியே நடந்து போனதைப் பார்த்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அந்தத் துண்டுக்கு ஓரம் அடித்ததுகூட என் கடையில்தான் என்று வேறு சொல்லிவைத்தேன்.

சிரித்த வாய் மூடுவதற்குள் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆபீஸ் பியூன் என் கடை வாசலில் வந்து நின்றான்.

"மாஸ்டர், ஞாயித்துக்கிழமை ஆர்.ஐ. ஐயா உங்க கோயிலுக்கு வராரு. உங்களக் கண்டிப்பா இருக்கச் சொன்னாரு."

"எதுக்குப்பா?"

"எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வாராக்கும்? போய்ச் சொல்லிட்டு வாடான்னாரு. சொல்லிட்டேன்."

அவன் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்தால், வாத்தியாருடைய சட்டையில் இரண்டு கைகளின் வாயையும் சேர்த்து ஒரே தையலாக அடித்திருந்தேன். விலங்கு மாட்டின மாதிரி இருந்தது. சகுனமே சரியில்லை.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் மொடாவைத் திறந்து பார்த்துவிட்டு, இது ஒரு மூட்டைக்குக்கூடக் காணாதே, இதற்கா ஆர்.ஐ. வருவார் என்றாள். அளவு முக்கியமில்லை, பதுக்கல் என்றால் பதுக்கல்தான் என்று அவளுக்குச் சட்டம் விளக்கினேன். எனக்கு எந்தச் சட்டமும் தெரியாது. பயம் வந்தால் மனுஷனுக்கு வக்கீல் படிப்பு தானாக வந்துவிடுகிறது.

"அவர்கிட்டயே போய் என்னான்னு கேட்டுட்டு வந்துடுங்களேன்" என்றாள்.

உலகத்திலேயே சுலபமான வழி அது. ஆகவே அதைச் செய்யவில்லை.

அரிசியை அவரவர் வீட்டுக்கே திருப்பிவிடுவது என் முதல் யோசனை. மொடா காலியானால் குற்றமும் காலி. புதன்கிழமை வகுப்புக் கூட்டம் அக்கா வீட்டில். வாரம் ஒரு வீட்டில் கூடி, பாடி, அந்த வாரம் மனசு எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரும் சொல்வது எங்கள் வழக்கம். என் முறை வந்ததும் குரலை இறக்கிக்கொண்டு, காலம் கெட்டுக் கிடக்கிறது, பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது, அவரவர் பிடியை அவரவரே எடுத்துக்கொள்ளலாமே என்று கருணையாகச் சொன்னேன். ஆர்.ஐ. வருவதைச் சொல்லவில்லை. ஊரையே கேலி செய்கிறவன் உள்ளுக்குள் நடுங்குகிறான் என்று தெரிந்துவிட்டால் பிறகு எந்த முகத்தோடு கேலி செய்வது?

முதலில் அக்காதான் பேசினாள்.

"ஏன் தம்பி, சாமிக்குன்னு எடுத்து வச்சத மறுபடி உலையில போடச் சொல்றியா? அப்புறம் எங்க வூட்டு அடுப்புல சோறு வேவுமா?"

கீழப்பழுவூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே கோயிலுக்கு வருகிற ஒரு அம்மா சிரிக்காமல் கேட்டாள்: "நான் போட்டது வரகுங்க. அதுல எது என் வரகுன்னு பொறுக்கிக் குடுப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது. என் ஆயுதத்தை எடுத்து என்மேலேயே வீசினால் நான் என்ன செய்ய?

அன்று வீடு திரும்பும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. என்னை உள்ளே வைத்தால் நான் வெளியே வந்துவிடுவேன். அரிசியைக் கொண்டுபோனால் அது திரும்பாது. இரண்டு வருஷம் கழித்து, பிள்ளைகள் வாயிலிருந்து பிடி பிடியாக எடுத்த விருந்து அது. ஸ்டூவர்ட் கையில் கொடுத்தோம், ஸ்டூவர்ட் தொலைத்தான் என்று ஆகும். அது வரைக்கும் எனக்காக மட்டும் பயந்தேன். அதற்குப் பிறகு இரண்டுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

இரண்டாவது யோசனை, அண்டா. கவிழ்ந்து கிடக்கிற அண்டாவை யார் நிமிர்த்திப் பார்க்கப்போகிறார்கள்? ஞாயிறு காலையில் அரிசியை இரண்டு சின்னச் சாக்குகளில் கட்டி, மேலே துணியைச் சுற்றி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். தையற்காரன் துணி மூட்டை கொண்டுபோனால் யார் கேட்பார்கள்? வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன். அண்டாவைக் கடப்பாரையால் நெம்பி, சாக்குகளை உள்ளே தள்ளி மூடியபோது என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

ஊருக்கெல்லாம் கிழிசல் தைக்கிற எனக்கு என் சாக்கில் இருந்த ஓட்டை தெரியவில்லை.

ஆராதனை தொடங்கிற்று. அன்று பிரசங்கம் என் முறை. அதற்கு நான் எப்போதோ தேர்ந்து வைத்திருந்த பொருள், 'பயப்படாதே'. ஆர்.ஐ. வந்தார். நெற்றியில் திருநீறு, கோட்டு, கையில் குடை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் மரியாதையாக உட்கார்ந்தார். நான் பயப்படாதே என்றேன். குரல் நடுங்கிற்று. மறுபடி பயப்படாதே என்றேன், சபையைப் பார்த்து இல்லை. வழக்கமாகச் சிரிக்கிற இடங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏதோ பெரிய உருக்கம் என்று நினைத்து இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்லக் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் கொஞ்சம் சம்பா, கொஞ்சம் சிவப்பரிசி, நடுவில் வரகு. என் வீட்டு வாசலிலிருந்து கோயில் வரை வழியெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒரு கலப்பு கிடையாதே!

ஜெபம் முடிந்ததும் ஆர்.ஐ. நேரே என்னிடம் வந்தார்.

"டைலர், உங்க அண்டாவக் கொஞ்சம் பாக்கணுமே."

"அண்டா ஓட்டைங்க."

"ஓட்டையா? எங்க பெரியப்பா வூட்டுக் கல்யாணத்துல இதுலதானய்யா சாம்பார் வச்சாங்க."

"அதுக்கப்புறம்தாங்க ஓட்டை."

கோயிலுக்குள் நின்று சொன்ன பொய். பலன் உடனே கிடைத்தது. சார்ப்புக்குப் போனால், அண்டாவைச் சுற்றி ஊர்க் குருவியெல்லாம் கூடி விருந்தை ஆரம்பித்துவிட்டிருந்தது. பாயின்ட்ஸ்மேனும் வாத்தியாரும் அண்டாவை நிமிர்த்தினார்கள். உள்ளே இரண்டு சாக்கு, மேலே யாரோ தைக்கக் கொடுத்திருந்த சீட்டித் துணி.

நான் இரண்டு கையையும் சேர்த்து அவர் முன்னால் நீட்டினேன். "ஐயா, பதுக்குனது நான் ஒருத்தன்தாங்க. பொம்பளைங்கள ஒண்ணும் செஞ்சுடாதீங்க. அரிசிய மட்டும் விட்டுடுங்க, என்னக் கொண்டுட்டுப் போங்க."

ஆர்.ஐ. என் கையைப் பார்த்தார். வாத்தியாரைப் பார்த்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி, விரலால் கிளறினார்.

"என்னய்யா இது, அஞ்சாறு கடையக் கொள்ளையடிச்சாப்பல இருக்கு?"

அக்கா முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். உலை, பிடி, கலயம், விருந்து எல்லாம் கேட்டுக்கொண்டார். தங்கள் வீட்டிலும் மடத்துக்கு இப்படித்தான் பிடியரிசி எடுப்பார்கள் என்று சொன்னார். இதைப் பதுக்கல் என்று எழுதினால் ஆபீஸில் தன்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள் என்றும் சொன்னார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். மழை இல்லாமல் கீழப்பழுவூர்ப் பக்கம் ஜனங்கள் தவிக்கிறார்கள், அங்கே கஞ்சித் தொட்டி வைக்கப்போகிறார்கள், காய்ச்சுவதற்குப் பெரிய பாத்திரம் வேண்டும். மறுநாள் வண்டி அனுப்பினால் அண்டாவைக் கொடுப்பீர்களா, திரும்ப வர நாளாகுமே என்று கேட்டார்.

நான் இன்னும் கையை நீட்டியபடியே நின்றிருந்தேன். வீட்டுக்காரி வந்து இறக்கிவிட்டாள்.

அண்டா போனால் விருந்து? பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா கேட்டாள்: "அண்டா நாளைக்குத்தானங்க போவுது? இன்னிக்கி எங்களுதுதானே?"

அவ்வளவுதான். ஒருத்தி அடுப்புக்குக் கல் கூட்டினாள், ஒருத்தி விறகுக்கு ஓடினாள். கத்திரிக்காயும் புளியும் எங்கிருந்தோ வந்தன. மத்தியானம் ஒரே பந்தி. ஆர்.ஐ. கிளம்பப் பார்த்தார், அக்கா அவருடைய குடையை வாங்கி ஒளித்து வைத்துவிட்டாள். முதல் வாயிலேயே அவர் பல்லில் வரகு மாட்டியது. சிரித்தார். பிறகு பந்தியே சிரித்தது. குருவி தின்ற அரிசியை ஸ்டூவர்ட் பங்கில் கழித்துக்கொண்டோம் என்று சொல்லி, அக்கா என் இலையில் மட்டும் வெறும் அகப்பையைத் தட்டிவிட்டுப் போனாள். அப்புறம் திரும்பி வந்து, மற்றவர்களைவிட அதிகமாகவே வைத்தாள்.

திங்கட்கிழமை மாட்டு வண்டி வந்து அண்டாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. மழை பெய்து வெள்ளாமை வீடு வரும் வரைக்கும் அதில் கஞ்சி காய்ச்சினார்கள். பெண்கள் பிடி எடுப்பதை நிறுத்தவில்லை. ஞாயிறுதோறும் அந்த அரிசியும் அங்கேயே போயிற்று. சைக்கிளில் கொண்டுபோனவன் நான், சாக்கைத் தைத்துக்கொண்டு. என் வீட்டு மொடாவைப் பார்க்க யாரும் வரவில்லை. ஆர்.ஐ. வந்தது அண்டா கேட்க.