‘இல்லை’ என்று சொல்லத் தெரியாத தெரு

அன்றைக்கு வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். வி.ஏ.ஓ. அம்மா. அவருடைய உதவியாளர். என் தம்பி செல்வராசு. அவன் மனைவி மல்லிகா. அவர்கள் மகள் ரேவதி. அவர்களுக்கு எதிர்வீட்டு மளிகைக்கடை சரசக்கா. அப்புறம் நான். மொத்தம் ஏழு பேர்.

இந்த ஏழு பேரில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது யாருக்கு? இதய நோயாளியான என் தம்பிக்கு இல்லை... எனக்கு!

என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. சேலம் அஸ்தம்பட்டியில் பஸ் ஏறினால் சங்ககிரி வரை ‘கேஸை அணைத்தேனா?’ என்று யோசித்துக்கொண்டே போகிறவள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் வேறு. அரசாங்க முத்திரை குத்திய காகிதம் எதைப் பார்த்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டிப் படிக்கச் சொல்வேன்.

விஷயம் இதுதான். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற என் தம்பிக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்றார் சேலத்து டாக்டர். செலவைக் கேட்டதும் மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அரசுக் காப்பீட்டு கார்டு இருக்கா? இருந்தா பயப்படாதீங்க. இங்கேயே செஞ்சுடலாம்” என்றார் டாக்டர்.

இல்லை. ‘நமக்கென்ன வியாதி வரப்போகுது’ என்று வாங்காமலே இருந்துவிட்டான். நம்மில் பாதிப் பேர் அப்படித்தானே?

கார்டு வாங்க வருமானச் சான்றிதழ் வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிற எல்லோருடைய சம்பாத்தியத்தையும் கூட்டி, குடும்பத்தின் வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்தைத் தாண்டக் கூடாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ. விசாரித்து மேலே அனுப்புவார். கடைசியில் தாசில்தார் ஒப்புதல். அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போய் போட்டோ எடுத்து, கைரேகை வைத்தால் கார்டு.

இதில் என்ன சிக்கல் வந்துவிடும்? தம்பி தறிப் பக்கம் போயே பல மாதம் ஆகிறது. மல்லிகா தார் சுற்றுகிறாள். அதாவது, தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றித் தருகிற வேலை. அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிகிறது. ரேவதி பி.காம். முடித்துவிட்டு வரன் பார்க்கும் கட்டத்தில் இருக்கிறாள்.

ஆனால், சிக்கல் வந்தது. ரேவதியின் போனுக்கு ஒரு மெசேஜ் — விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது!

அதற்காகத்தான் அன்றைக்கு அத்தனை பேரும் போனோம். சரசக்கா கடையை அடைத்துவிட்டுத் துணைக்கு வந்திருந்தார்.

“எங்க உதவியாளர் உங்க தெருவுல விசாரிச்சிருக்காருங்க. வசதியான குடும்பம்னு தகவல் வந்திருக்கு” என்றார் வி.ஏ.ஓ. அம்மா. சின்ன வயதுப் பெண்தான். “அண்ணா, அதை வாசிங்க.”

உதவியாளர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். “குடியிருக்கிற ஊடு சொந்தம். பவானிப் பக்கம் அரை ஏக்கரா வெள்ளாமைக் காடு. பொண்ணுக்கு இருபது பவுன் எடுத்து வெச்சிருக்காங்க. தறி முதலாளி போன வருசம் ரொக்கமா எண்பதாயிரம் தூக்கிக் குடுத்தாரு...”

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். “ஏனுங்க, யாரு ஊட்டைப் பத்திப் படிக்கறீங்க?”

“உங்க ஊடுதானுங்க.”

“அடேங்கப்பா... அந்தக் காடு எங்க இருக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க. நானும் போய்ப் பார்த்துட்டு வாரேன்.”

இந்த நிலைமையிலும் அவனுக்கு நக்கல்! எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை. இத்தனையும் யார் சொன்னது?

உதவியாளர் சரசக்காவைப் பார்த்தார். சரசக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“இவரு கவர்மெண்ட்டு ஆளுன்னு எனக்கெப்படிங்க தெரியும்? வெள்ளைச் சட்டையோட வந்து வண்டியை நிறுத்துனாரு. செல்வராசு குடும்பம் எப்படிங்க, ஊடு சொந்தமா வாடகையா, பொண்ணு என்ன படிச்சிருக்குதுன்னு கேட்டாரு. நம்ம ரேவதிக்கு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து விசாரிக்க வந்திருக்காங்கன்னு நெனச்சுட்டேனுங்க!”

“காபி கூடக் குடுத்தாங்க மேடம்” என்றார் உதவியாளர், குற்றம் செய்தவர் மாதிரி. “முறுக்கும்.”

வி.ஏ.ஓ. சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள்... சரசக்கா மேல் என்ன தப்பு? பெண் வீட்டைப் பற்றித் தெருமுனையில் விசாரித்தால் நாலு நல்ல வார்த்தை சேர்த்துச் சொல்வதுதானே நம் ஊர் வழக்கம்? அரசாங்கம் கேட்கிற கேள்வியும் சம்பந்தி கேட்கிற கேள்வியும் ஒன்றுதான். வீடு யாருடையது? எத்தனை பேர்? என்ன சம்பாத்தியம்? ஆனால், ஒருவரிடம் பாஸாகிற பதில் இன்னொருவரிடம் ஃபெயில்!

“சரிங்க. திரும்ப அப்ளை பண்ணுங்க, நானே நேர்ல வாரேன். அதுக்கு முன்னாடி நீங்க உண்மையைச் சொல்லிடுங்க” என்று சரசக்கா பக்கம் திரும்பி வி.ஏ.ஓ. பேனாவை எடுத்தார். “ஊடு?”

“வாடகைங்க” என்றார் சரசக்கா.

“காடு?”

சரசக்கா ரேவதியைப் பார்த்தார்.

“அவங்களுக்குக் காடு இருக்கா, இல்லையா?”

சரசக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கடையில் அரிசி தீர்ந்துபோனால்கூட ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார். ‘நிறைஞ்சிருக்குது சாமி, நாளைக்கு வா’ என்பார். விளக்கு வைத்த பிறகு உப்பைப் பெயர் சொல்லிக் கேட்டால் திட்டுவார். அப்படிப்பட்டவரை, கல்யாண வயதுப் பெண்ணை எதிரில் நிறுத்தி, அவள் வீட்டில் ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லச் சொன்னால்?

“என் வாயால எப்படிங்க அம்மிணி...” என்றார் வி.ஏ.ஓ.விடம்.

ரேவதிதான் அவர் கையைப் பிடித்தாள். “சொல்லுங்க பெரிம்மா. காடும் இல்ல, பவுனும் இல்ல. அப்பாவும் இல்லாமப் போயிட்டா, அப்புறம் யாரைக் கேட்டுட்டு இந்தத் தெருவுக்கு வருவாங்க?”

மல்லிகா, இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரசக்கா கண்ணை மூடிக்கொண்டார். “இல்லீங்க. ஒண்ணுமில்லீங்க.” சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, ரேவதியின் தலையைத் தொட்டார்.

“அப்போ அந்த எண்பதாயிரம்?”

“அது முன்பணமுங்க, கடன்” என்றான் தம்பி. “வாரக் கூலியில பிடிச்சுக்குவாங்க. அடையற வரைக்கும் வேற பட்டறைக்குப் போக முடியாது.”

“ஆளை நம்பித்தானே அவ்வளவு பெரிய தொகை குடுக்கறாங்க! பெருமைதானேன்னு சொல்லிட்டேன்” என்றார் சரசக்கா.

வி.ஏ.ஓ. உதவியாளரின் தாளை வாங்கி அந்த வரியை அடித்தார். “வருமானத்தைத்தான் நாங்க எழுத முடியும். கடனை எழுத இதுல எடமில்லீங்க.”

என் வாய் சும்மா இருக்குமா? “ஏனுங்க, வருஷ வருமானம்னா எந்த வருஷம்? தறி ஓடின வருஷமா, நின்ன வருஷமா? ஒரு ரூபா கூடிட்டா என்ன ஆகும்?”

“கூடினா கோட்டுக்கு அந்தப் பக்கம்தானுங்க” என்றார் அவர்.

அந்தக் கோட்டுக்கு ஒரு ரூபாய் அந்தப் பக்கம் நிற்கிற ஏதோ ஒரு வீட்டை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் போனது. முகம் தெரியாத வீடு. ஆனாலும் போனது.

சொன்னபடியே வி.ஏ.ஓ. தெருவுக்கு வந்தார். இந்த முறை தெரு முழுக்க ‘இல்லை’ என்றது. சான்றிதழ் வந்தது, கார்டும் வந்தது. கூடவே மல்லிகா பயந்ததும் வந்தது — ரேவதியைப் பார்த்துவிட்டுப் போயிருந்த ராசிபுரத்து மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன்! விஷயம் அவர்கள் காதுக்குப் போய்விட்டது. மல்லிகா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள்.

“அந்தக் கார்டுலதான் போன வருசம் எங்கூட்டுக்காரருக்கும் ஆபரேசன் பண்ணோமுங்க. எந்த ஆசுபத்திரின்னு சொல்லுங்க, கூடமாட இருக்கறதுக்குப் பையனை அனுப்பறேன்.”

அவர்களுக்கு இரண்டு லாரி ஓடுவதாக அல்லவா நாங்கள் விசாரித்தபோது கேள்விப்பட்டோம்? ராசிபுரத்துச் சரசக்கா யாரோ... நன்றாக இருக்கட்டும்!

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தம்பி வார்டில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். ஆஸ்பத்திரியில் ஒரு பைசா கேட்கவில்லை.

நேற்று தறி முதலாளி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். “ஒடம்பைத் தேத்து சாமி. ஒண்ணும் அவசரமில்ல” என்றார். நல்ல மனிதர். போகும்போது கதவருகில் நின்று, மல்லிகாவிடம் மட்டும் மெதுவாக ஒரு தொகையை நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

முன்பணத்தில் பாக்கி — அறுபத்திரண்டாயிரம் ரூபாய்.