இறங்காத சீற்று

நேற்று பள்ளிமுனைப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். வேலிக்கு அப்பால் யாரோ சுறாக் கருவாடு காயவைத்திருந்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பசிக்கவில்லை, வாயூறவில்லை. இருக்கும் இடத்துக்குக் கீழே ஒரு சைக்கிள் சீற்று வந்து முட்டியது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எனக்கு மன்னார் நகரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலை. ஊர் வங்காலை. இடையில் கடல், கடலின்மேல் அந்த நீளத் தாம்போதிப் பாதை. நிர்மலாவுக்கும் அதே கந்தோர், அதே ஊர். என்னைவிட ஒரு சாண் உயரம். நடந்துபோனால் அந்தச் சாணுக்கு மருந்தில்லை, சைக்கிளில் உண்டு. சீற்றை உச்சிவரை இழுத்து நட்டை முறுக்கினால் நான் அவளுக்குச் சமம்.

ஆனால் எங்கள் கடற்காற்று இரும்பைக் கற்கண்டுபோலச் சப்பிவிடும். சீற்றுத் தண்டு தேய்ந்து மெலிந்திருந்தது. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு மயிரிழை இறங்கும். மாலையில் நெஞ்சை நிமிர்த்திப் புறப்படுகிறவன், தாம்போதியின் நடுவில் முழங்கால் காதில் முட்ட, தவளை சைக்கிள் ஓட்டுவதுபோல வந்துகொண்டிருப்பேன்.

"எங்க, ஆளைக் காணேல்ல?" என்பாள் நிர்மலா, வானத்தைப் பார்த்தபடி.

"கீழ பாருங்கோ."

"ஓம், இருக்கிறியள்."

பிறகு பிரேக் பிடிப்பாள். அவள் ஹாண்டிலைப் பிடிக்க, நான் மரவள்ளிக் கிழங்கு பிடுங்குவதுபோலச் சீற்றைப் பிடுங்கி உயர்த்துவேன். சுற்றிவரத் தண்ணீர், காற்று, எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிற ஒரு கழுதை. கந்தோரின் மூத்த கிளாக்கர் பைலுக்குள் முகம் வைத்து நித்திரை கொள்வதை அவள் நடித்துக் காட்டுவது அங்கேதான். தாம்போதி தாண்டினால் ஊர்க்கண். வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும்.

சீற்றை நிறுத்த நான் செய்யாத வைத்தியமில்லை. டியூப் றப்பர் சுற்றினேன், வழுக்கியது. மீன் ரின்னின் தகரத்தை வெட்டிச் செருகினேன், கறள் கட்டித் துருவாய் உதிர்ந்தது. வலைநூல் கட்டினேன், அது சீற்றை விட்டுவிட்டு என் களிசான் துணியைப் பிடித்துக்கொண்டது.

நிர்மலாவுக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. அவளுடைய கடைசி நாள் மாலை, தாம்போதியில் வைத்துக் கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். என்னத்தை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? அதைத் தவளை உயரத்தில் இருந்து கேட்க முடியாது.

அதற்கு முதல்நாள் எங்கள் அடுப்படிக் குசினியில் சுறாக் கருவாட்டின் தோல் கிடந்தது. சுறாத்தோலைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் பட்டு. வாலிலிருந்து தலைக்குத் தடவினால் அரம். எனக்குள் ஒரு விஞ்ஞானி எழும்பினான். இறங்கப் பார்த்தால் அரம் கடிக்கட்டும் என்று, தலைப்பக்கம் மேலே வரத் தண்டில் சுற்றி, சுத்தியலால் அடித்துக் குழாய்க்குள் இறக்கினேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றா.

"கருவாட்டை வாயில வைக்கிறவையைக் கண்டிருக்கிறன். குண்டிக்குக் கீழ வைக்கிறவனை இப்பத்தான் பாக்கிறன்."

மறுநாள் சீற்று இறங்கவில்லை. ஆனால் கந்தோர் வாசலில் பகல் முழுக்க வெயிலில் நின்றதில் வாசம் ஏறியிருந்தது. மாலையில் புறப்பட்டபோது ஒரு நாய் மோந்து பார்த்தது. பிறகு அதன் சொந்தபந்தங்கள். தாம்போதியில் நான் ராசா மாதிரி நிமிர்ந்து போகிறேன், பின்னால் ஊர்வலம் என்ற நினைப்பில் திரும்பியே பார்க்கவில்லை. வழமையாக நிற்கும் இடத்தில் நிர்மலா வேகத்தைக் குறைத்தாள்.

"மிதியுங்கோ, மிதியுங்கோ" என்றேன்.

மிதித்தோம். அவ்வளவு வேகமாக அந்தக் கடலை நாங்கள் தாண்டியதே இல்லை. என் பங்குக்கு, அவ்வளவு உயரமாகவும்.

அந்தச் சைக்கிள் கறளாகி, கறள் மண்ணாகிவிட்டது. நேற்றும் தாம்போதி வழியாகத்தான் திரும்பினேன். மோட்டார்சைக்கிள்கள் விர்ரென்று போகின்றன. நடுவில் யாரும் நிற்பதில்லை. அவற்றின் சீற்றுகள் இறங்குவதில்லை, பாவங்கள்.

அந்தக் கடைசி நாள் மாலை, வங்காலைக் கோயில் சந்தியில் நிர்மலாவின் தமையன் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கேட்காத தூரத்தில் அவள் ஒரு காலை ஊன்றினாள்.

"இண்டைக்கு ஏன் நடுவில நிக்கேல்ல?"

"நாயள்..."

"நாயள் தாம்போதி தொடங்கின இடத்திலயே நிண்டிட்டுது. நீங்கள்தான் நிக்கேல்ல."

"சீற்று இறங்கேல்லையே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன், மடையன்.

"இறங்காட்டி நிக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது?" என்றாள். "சரி, வாறன்."